நான்காம் தலைமுறைப் பிரதி

அந்தமானில் சாத்தம் பாலத்தைத் தாண்டினால் ஒரு மர ஆலை, ஒரு படகுத்துறை. தீவில் அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்க்கரையில் தெரியும் பாம்பூ பிளாட்டுக்கு ஸ்கூட்டரோடு போக வேண்டியவர்கள் அந்தத் துறையில்தான் வரிசை கட்டி வெஹிக்கிள் போட்டுக்குக் காத்திருப்போம். 2025இல் ஆடி பிறந்த வாரம். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. என் தாய்மாமாவைப் பார்க்க மகளோடு கிளம்பியிருந்தேன். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது, அவள் தன் காதிலிருந்த இயர்போன் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

“கேளும்மா. இப்ப இருமுவார் பாரு.”

ஓடிக்கொண்டிருந்த பாட்டை எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’. யாரும் அதில் இருமியதாக நான் கேட்டதில்லை. அவள் பத்து விநாடி பின்னால் தள்ளினாள். மழைச் சத்தத்தில் பிடிபடவில்லை. பிறகு இரண்டு இயர்போனையும் என்னிடமே கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருமல் கேட்டது. கிடாருக்குப் பக்கத்தில், நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மனிதர் தொண்டையைச் செருமுவதுபோலச் சின்ன இருமல். ஒருவர் மூச்சை உள்ளிழுப்பதும் கேட்டது. இத்தனை வருஷம் அந்த அறைக்கு வெளியே நின்றுதான் பாட்டைக் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

பாட்டின் தொடக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். 1975 செப்டம்பரில் வெளிவந்த தொகுப்பில் உள்ளது அது. இதற்கு முந்தைய பாட்டு முழு பலத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஒடுங்கி, யாரோ அதை ஒரு ரேடியோப் பெட்டிக்குள் அடைத்துவிட்டதுபோல ஆகிவிடும். அப்புறம் ரேடியோவின் குமிழைத் திருகும் சத்தம். யாரோ பேசுவார்கள். சாய்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியிலிருந்து ஒரு துண்டு கேட்டு மறையும். குமிழ் ஓரிடத்தில் நிற்கும். அங்கே ஒரு கிடார், ஒல்லியாக, கார் ரேடியோவில் வருவதுபோல வாசித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கிடார் சேரும். அது ரேடியோவுக்கு வெளியே, இதே அறையில், ரேடியோவைக் கேட்டபடி கூடவே வாசிக்கும் ஒருவருடைய கிடார். அந்தக் குழுவினர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. முதல் கிடாரின் அடியையும் உச்சியையும் சீவிவிட்டு, இரண்டாவதை முழுசாக விட்டார்கள்.

எனக்குக் கிடைத்த கேசட்டில் இந்த வித்தியாசம் துளிகூட இல்லை. இரண்டு கிடாரும் ரேடியோவுக்குள்ளேயே இருந்தன. அந்தக் குமிழ் திருகும் சத்தத்தை மாமாவின் பதிவில் நேர்ந்த தப்பு என்றே பல வருஷம் நம்பினேன். சிற்றலையில் சிலோன் ஸ்டேஷனைத் தேடித் திருகுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அது வேறு எப்படித் தோன்றும்? யாரோ ரேடியோவிலிருந்து பதிவு செய்யும்போது கை பட்டுவிட்டது, பாவம், என்று நினைத்தேன்.

மாமாவுக்கு மெயின்லேண்ட் கப்பலில் வேலை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் 1,370 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஹேடோ துறையில் கப்பல் வந்து நிற்கும்போது எங்கள் வீட்டுக்குச் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாரப் பத்திரிகைகள், அவற்றுக்கு நடுவே துணியில் சுற்றிய கேசட்டுகள் வரும். பெரம்பூரில் அவருக்கு ஓர் ஆங்கிலோ இந்திய நண்பர். அவர் வீட்டில் இசைத்தட்டுகள் இருந்தனவாம். கப்பல் சென்னையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டதை மாமா கோயிலுக்குப் போய்வந்த கதையைப்போலச் சொல்வார். அந்தத் தட்டிலிருந்து நண்பர் ஒரு கேசட் எடுத்தார். அதிலிருந்து கப்பலில் கூட வேலை செய்தவர் ஒன்று. அவரிடமிருந்து மாமா ஒன்று. மாமாவிடமிருந்து எனக்கு, 1987இல், எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த அன்று, ஒரு 90 நிமிடக் கேசட். நான்காவது பிரதி.

ஒலிப்பதிவுக்காரர்கள் இதற்குத் தலைமுறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மூலத்திலிருந்து எடுத்தது முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் இரண்டு பக்கத்துக்குமாக நான்கு தடங்கள். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஊர்ந்து போகும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டபோது மனதில் வைத்திருந்தது பேச்சைப் பதிவு செய்வதைத்தான். இசைக்கு அது பிறகுதான் பழக்கப்பட்டது. காந்தத் துகள்களுக்கு அவற்றுக்கே உரிய ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் உண்டு. பிரதி எடுக்கும்போது பழைய நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகும், புது நாடா தன் பங்கையும் போடும். உச்ச ஸ்தாயி ஒலிகள் ஒவ்வொரு கைமாறலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். டிரம்ஸின் தாளத் தகடுகள் முதலில் போகும், பிறகு கிடார் கம்பியில் விரல் உரசும் ஒலி, பிறகு பாடுகிறவரின் மூச்சு. இருமல் எந்தத் தலைமுறையில் மூழ்கியது என்று எனக்குத் தெரியாது. மூன்றில் இருந்திருக்கலாம்.

இது போதாதென்று எங்கள் ஊர் ஈரம் வேறு. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற இடத்தில் நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அம்மா அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரியவிடுவார். பட்டுப்புடவை, பள்ளிச் சான்றிதழ்கள், கேசட்டுகள் மூன்றும் அந்த வெதுவெதுப்பில்தான் பிழைத்தன. பென்சிலைப் பல்லில் கொடுத்துச் சுற்றி, பூஞ்சை பிடித்த இடம் வந்ததும் வேட்டித் துணியால் துடைப்போம். துடைத்த இடத்தில் பாட்டு ஒரு நொடி முங்கி எழும். அந்த முங்கல்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறேன். இன்றைக்குத் தெளிவான பிரதியில் கேட்டாலும் அந்த இடங்களில் என் தலை தானாகத் தாழ்கிறது.

பாட்டின் சொற்கள் எங்களுக்குப் புரியவில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்கிறேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். தெருவில் இந்தி, வீட்டில் ராமநாதபுரத்துத் தமிழ், பக்கத்து வீட்டில் வங்காளம். ஆங்கிலம் கரும்பலகையில் இருந்தது. பாட்டில் வருகிற ஆங்கிலமோ நான்காம் தலைமுறையில் தன் ஸகரங்களையும் தகரங்களையும் உதிர்த்துவிட்டு வந்தது. மெய்யெழுத்துகளின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது; நாடா முதலில் இழப்பதும் அங்கேதான். எஞ்சியது உயிரெழுத்துகள். ஆ, ஓ, ஏ என்று ஏங்கும் ஒரு குரல். நாங்கள் அந்த உயிரெழுத்துகளைப் பாடினோம். அதில் ஏக்கம் இருந்தது சரியாகத்தான் புரிந்தது. பக்கத்தில் இல்லாத ஒருவரை நினைத்து எழுதிய பாட்டு என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஆச்சரியமில்லை. கப்பல் போன மறுநாள் தீவில் எல்லோருக்கும் இருக்கிற மனநிலை அது.

காதுக்கும் இதே கதைதான். மனிதக் காது நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பது சின்ன வயதுக்குப் பொருந்தும் கணக்கு. வயது ஏற ஏற மேல் படிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. உட்செவியில் நத்தைக்கூடுபோலச் சுருண்ட குழலின் வாசலில் இருக்கும் மயிரணுக்கள் உயர்ந்த ஒலிகளுக்கானவை. அவை முதலில் தளர்கின்றன. ஆழத்தில் இருப்பவை கனத்த ஒலிகளுக்கானவை, அவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். 2005இல் வேல்ஸில் ஒருவர் இதை வைத்து ஒரு கருவியே செய்தார். சுமார் 17,400 அதிர்வில் ஊளையிடும் அது, கடை வாசலில் கூடும் இளைஞர்களைத் துரத்தும். பெரியவர்களுக்குக் கேட்கவே கேட்காது. கொசு என்று அதற்குப் பெயர். அதைப் படித்த அன்று மனம் கசந்தது. ஒரு தலைமுறைக்கு மட்டும் கேட்கும் ஒலி என்று ஒன்று கிடைத்ததும் அதை விரட்டுவதற்கா வைத்துக்கொள்ள வேண்டும்? பிள்ளைகள் அதே ஒலியைக் கைப்பேசி மணியாக வைத்து, ஆசிரியர் காதில் விழாமல் வகுப்பில் செய்தி வாங்கிக்கொண்டார்களாம். அவர்கள் செய்தது எனக்குப் பிடித்தது.

ஆகவே ஒரே பாட்டை மகளும் நானும் மாமாவும் கேட்டால் மூன்று பாட்டு. அவளுக்கு அதன் விளிம்பெல்லாம் மின்னுகிறது. எனக்கு நடுப்பகுதி. எழுபத்தைந்தைத் தாண்டிய மாமாவுக்கு அடித்தளம் மட்டும். ரசனையைப் பற்றிப் பேசும்போது தலைமுறை இடைவெளி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் அந்த இடைவெளியில் ஒரு பங்கு வெறும் உடம்பு சார்ந்தது. “ஒரே இரைச்சலா இருக்கு” என்று பெரியவர்கள் சொல்வதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு நான் சண்டை போட்டிருக்கிறேன். சொல்லின் விளிம்பு தேய்ந்து, முழக்கம் மட்டும் மிஞ்சிய காதுக்கு அது உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் அடித்தளம் என்பது குறைவான பங்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். என் அம்மா ராக் இசையைக் கடைசிவரை ஏற்கவில்லை. அதே அம்மா இளையராஜா பாட்டு வந்தால் அம்மிக்கல்லில் கையை நிறுத்திவிட்டு, மெட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு மெட்டை “ம்ம் ம்ம்” என்று முனகுவார். அது பேஸ் கிடார். ராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்தது. அந்தக் கருவியின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது அதில் பேஸ் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். இசையமைத்த ஏ.ஆர். ரகுமானோ, சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்று சொந்தமாக ஒரு ராக் குழு வைத்திருந்த இளைஞர். தமிழ்நாட்டிலும் எங்கள் தீவிலும் ராக்கை ‘இரைச்சல்’ என்று கதவைச் சாத்திய வீடுகளுக்குள் அது சினிமாப் பாட்டின் அடிவயிற்றில் புகுந்து எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவும் நானும் ஒரே கருவியைத்தான் நேசித்தோம். அதைச் சொல்லிக்கொள்ள எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல் இல்லாமல் போயிற்று. அம்மா இருக்கும்போதே இது எனக்குப் புரிந்திருக்கலாம்.

இனி அந்த மர ஆலையின் ரம்பத்தைப் பற்றி. சாத்தம் ஆலை 1883இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய மர ஆலைகளில் ஒன்று. ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றுவதற்குச் சற்று முன் 1942இல் விழுந்த குண்டின் பள்ளம் இன்னும் உள்ளே இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதன் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த ஆலை முதலில் ஓர் ஒலி. ஹேடோ மேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குக் காற்று திரும்பும் நாட்களில் அது வரும். ரம்பம் சும்மா சுழலும்போது உயரமாக, மெல்லிசாகப் பாடும். படாக் மரம் அதன் வாயில் நுழைந்ததும் ஸ்தாயி கீழே இறங்கும். குரல் கரகரத்து, கட்டை நெடுகிலும் உறுமி, கடைசிச் சிலும்பு அறுந்து விழுந்ததும் மறுபடி மேலே ஏறும். படாக்கின் உள்கட்டை ரத்தச் சிவப்பு. ஆலைப் பக்கம் போய் வந்தால் மழைக்கால ஓடைகூடச் சிவப்பாகத் தெரியும்.

மாமாவின் கேசட் ஒன்றில் பிளாக் சபாத்தை முதல்முறை கேட்டபோது நான் பயப்படவில்லை. இது தெரிந்த சத்தமாயிற்றே என்றுதான் இருந்தது. அதன் காரணம் பல வருஷம் கழித்து விளங்கியது. அந்தக் குழுவின் கிடார்க்காரர் டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயது. அந்த வேலையில் கடைசி நாள். எந்திரம் வலது கையின் நடு இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடக்கைப் பழக்கக்காரரான அவருக்குக் கம்பியை அழுத்தும் கை அது. இனி வாசிக்க முடியாது என்று ஒடுங்கிக் கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலையின் மேஸ்திரி ஓர் இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிடார்க்காரருடையது. ஐயோமி ஆர்வமில்லாமல்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் மேஸ்திரி சொன்னார்: இந்த மனிதர் தீ விபத்தில் கை வெந்து, இரண்டு விரலால் வாசிக்கிறவர். 1928இல் ஜாங்கோவின் வண்டி எரிந்ததைப் பற்றிய செய்தி அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, ஐயோமி மறுபடி கிடாரைக் கையில் எடுத்தார். விரல் வலிக்காமலிருக்க மெல்லிய கம்பிகளைப் போட்டார். சில காலத்தில் கம்பிகளின் முறுக்கையும் தளர்த்தினார். சுருதி கீழே இறங்கியது. 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் அந்த இறக்கத்தைக் கேட்கலாம். ரம்பத்தின் வாயில் மரம் நுழைகிறபோது கேட்கும் அதே இறக்கம். ஹெவி மெட்டல் என்று உலகம் பெயர் வைத்திருக்கும் இசைக்கு அங்கேதான் தொண்டை திறந்தது.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த மேஸ்திரியை. மருத்துவம் பற்றியோ இழப்பீடு பற்றியோ அவர் என்ன பேசினாரோ. ஒரு பெரியவர் தன் காலத்துத் தட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் இளைஞனின் வீட்டுக் கதவைத் தட்டினார், அது உறுதி. அவர் கொடுத்தது ஜாஸ். அந்தப் பையன் அதிலிருந்து செய்துகொண்டது மேஸ்திரி கனவிலும் கேட்டிராத ஒன்று. கொடுப்பவருக்கு அதன்மேல் பிடி இருக்கவில்லை. ஷில்லாங்கில் பாடகர் லூ மாஜாவ் 1972லிருந்து ஒவ்வொரு மே 24ஆம் தேதியும் பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடுகிறார். தாத்தா வயதில் அவர் மேடையில் நிற்க, கல்லூரிப் பிள்ளைகள் கீழே நின்று கேட்கிறார்கள். ஊரே கூடி வருஷம் தவறாமல் செய்கிற அந்தக் கைமாற்றத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை. எங்களுக்கு அது படுக்கையறை அலமாரியிலும் படகுத்துறைக் கொட்டகையிலும் நடந்திருக்கிறது.

2002 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. நல்ல தீர்ப்பு. அந்தக் காடுகள் அதற்கு மேல் தாங்கியிருக்காது. அதன்பின் சாத்தத்தின் குரல் அடங்கியது. 2006இல் பிறந்த என் மகளுக்கு அந்த ரம்பம் பால்யத்தின் ஒலியாக இல்லை. அவளுக்கு மெட்டல் இசை வேறு வழியாக வந்தது. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் பதித்த கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வடித்துவிடலாம் என்று இருந்த ஊர். திடீரென்று உலகத்தின் எல்லாப் பாட்டும், தேயாமல், முதல் தலைமுறையாக, அவள் கைக்குள். கப்பல் மூன்று நாளில் கொண்டுவந்ததை வடம் கண்ணிமைக்கும் முன் கொண்டுவருகிறது, அதே கடலின் அடியில். இழந்ததை எண்ணிப் புலம்ப எனக்கு மனமில்லை. அவளுக்குச் சொற்கள் புரிகின்றன. யார் எங்கே மூச்சு விட்டார் என்று தெரிகிறது. 2025 ஜூலை 5ஆம் தேதி, பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில், தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே பிளாக் சபாத் கடைசியாகக் கூடி வாசித்ததை அவள் பின்னிரவு வரை கைப்பேசியில் பார்த்தாள். குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் ஆசனத்தில் உட்கார்ந்தே பாடினார். அவருடைய ‘சேஞ்சஸ்’ பாட்டை, 1997இல் பிறந்த யங்பிளட் அந்த மேடையில் பாடினான். மகள் என்னை எழுப்பவில்லை. காலையில் கண்கள் வீங்கியிருந்தன. அதே மாதம் 22ஆம் தேதி ஆஸி இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் சொன்னவளும் அவள்தான், வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டதுபோல மெதுவாக.

அவளுக்கு இல்லாத ஒன்று எங்களுக்கு இருந்தது: ஒரே ஒரு டூ-இன்-ஒன். ஒருவர் போட்டால் வீடு முழுக்கக் கேட்டாக வேண்டும். பிடிக்காத பாட்டைச் சகித்துக்கொண்டிருந்ததில் பாதி வாழ்க்கை. அப்படிச் சகித்தே அம்மா காதில் பிளாக் சபாத்தும் என் காதில் டி.எம்.எஸ்ஸும் குடியேறினார்கள். இப்போது யாரும் யாரையும் சகிக்க வேண்டியதில்லை. அதனால்தான் கொட்டகைக்குக் கீழே அவள் ஓர் இயர்போனைக் கழற்றிய கணத்தில் என் தொண்டை அடைத்தது. கொடுக்க வேண்டிய கட்டாயம் ஏதும் அவளுக்கு இருக்கவில்லை.

படகு வந்தது. ஸ்கூட்டரை ஏற்றி, மழையில் பாதி நனைந்து அக்கரை சேர்ந்தோம்.

மாமா திண்ணையில் இருந்தார். காதுக் கருவியை எங்களுக்காக மாட்டிக்கொண்டார். விருந்தாளி வந்தால்தான் மாட்டுவார். மகள் கொஞ்சம் டீ குடித்துவிட்டு, பையிலிருந்த சின்ன ஸ்பீக்கரை மர ஸ்டூலில் வைத்தாள். படாக் ஸ்டூல், அவர் கல்யாணத்துக்குச் செய்தது. “என்னத்தா அது?” என்றார். “நீங்க அம்மாக்குக் குடுத்த பாட்டு, தாத்தா” என்று உரக்கச் சொன்னாள். அவர் குனிந்து உள்ளங்கையை ஸ்டூலின் மேல் பரப்பி வைத்தார். பலகை வழியாக வரும் அதிர்வை அவர் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார் என்று அத்தை சொன்னார்.

குமிழ் திரும்பியது. சிம்பொனி வந்து போயிற்று. ஒல்லியான கிடார் தொடங்கியது. மாமாவின் முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை; அந்த ஒல்லி ஒலி அவருக்குக் கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன். உள்ளங்கை அசையாமல் இருந்தது. இரண்டாவது கிடார் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் தலையை லேசாகத் திருப்பி, சிமெண்டுத் தரையில் யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்து, மெல்ல ஒருமுறை இருமினார். அதே இடத்தில் ஸ்பீக்கரும் இருமியது.

மகள் என் கையைப் பிடித்தாள். மாமாவுக்கு நாங்கள் பார்த்ததே தெரியாது. மழை இன்னும் விடவில்லை.